கொய்யா என்று எழுதியிருக்கலாம்

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. தபால் கார்டு அளவு. நான்கு கோடுகள்: நிறம், மணம், வாயில் எப்படி, மொத்தத்தில் எப்படி. மணம் என்ற கோட்டுக்கு நேராக என் கையெழுத்தில் 'கூஸ்பெரி' என்று இருக்கிறது. அன்றுவரை நான் கூஸ்பெரி தின்றதில்லை. இன்றுவரைக்கும் தின்றதில்லை.

2018 கோடை. கலிஃபோர்னியாவில் சன்னிவேல். அலுவலகத்தில் எங்கள் அணியின் மூத்த பொறியாளர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். அவர் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். அந்த வருஷம் கடை கடையாக ஏறி 'ப்ரூட் ஐபிஏ' என்று எழுதியிருந்த கேன்களாகப் பார்த்து ஆறு வாங்கி வைத்திருந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவின் இன்னர் சன்செட் பகுதியில் சோஷியல் கிச்சன் என்ற சின்ன மதுச்சாலையில் கிம் ஸ்டர்டவன்ட் என்பவர் 2017 கடைசியில் உருவாக்கிய வகை அது. எங்கள் ஊரிலிருந்து ரயில் ஏறினால் போய்விடக்கூடிய தூரம். உள்ளூரில் பிறந்த குழந்தை என்பதுபோல எல்லோருக்கும் அதன்மேல் ஒரு செல்லம் இருந்தது.

முதல் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனவர் மூத்தவர்தான். கண்ணை மூடி, "கூஸ்பெரி. கொஞ்சம் பச்சைத் திராட்சை" என்றார். மற்றவர்கள் முகர்ந்தார்கள், தலையாட்டினார்கள், எழுதினார்கள். நானும் முகர்ந்தேன். எனக்கு வந்தது வேறு. பழனியிலிருந்து கிழக்கே போகும் டவுன் பஸ், ஆயக்குடி நிறுத்தம், கூடைகளோடு ஏறும் பெண்கள், இருக்கைக்கு அடியில் கனிந்து கொஞ்சம் அளவுக்கு மீறிப்போன கொய்யா. அவ்வளவு துல்லியமாக வந்தது. சீசனில் அந்த பஸ்ஸில் போயிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்; வாசனை என்று சொல்வதற்கும் நாற்றம் என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு புள்ளி.

எழுதியது 'கூஸ்பெரி'.

ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் பெரிய வார்த்தை. தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பது ஒன்று. இன்னொன்று, எதை முகர்ந்தாலும் ஊர் ஞாபகம் வருகிற ஆள் என்று பேர் வாங்கிவிடக்கூடாது என்ற கூச்சம். ஏற்கெனவே அன்று ஒருவர், "இண்டியா பேல் ஏல் ஆச்சே, உங்க ஊர்ல இது ரொம்பப் பிரபலமா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்டுவிட்டிருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் மதுக்கூடம் வைத்திருந்தார். அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவர்கள் பியர் வாங்கி வந்து கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். 1820களில் பர்ட்டன் நகரத்துக்காரர்கள் அந்தச் சந்தைக்குள் புகுந்தார்கள். அந்தப் பெயரில் இந்தியா என்பது விலாசம் மட்டும்தான், குடித்தவர்கள் வேறு ஆட்கள் என்று விளக்கினேன். அதன்பிறகு உடனே கொய்யாவைக் கொண்டுவந்து வைக்க மனம் வரவில்லை.

கூஸ்பெரி என்றால் நெல்லிக்காய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அட்டையில் எழுதும்போது மனதில் நெல்லிக்காயை நினைத்துக்கொண்டு, அந்த வாசனை இதில் இருப்பதாக ஒரு நிமிஷம் நம்பவும் செய்தேன். ஐரோப்பியக் கூஸ்பெரியும் நம் நெல்லியும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். ஆக, எனக்குத் தெரியாத பழத்தை, அது இல்லாத இன்னொரு பழத்தின் வழியாக, நான் முகராத வாசனைக்குப் பெயராக வைத்தேன். என் பக்கத்தில் இருந்த திருநெல்வேலி நண்பன் மட்டும் மணம் என்ற கோட்டைக் காலியாக விட்டிருந்தான். "மச்சி, கோலி சோடாவுல யாரோ பூவைக் கசக்கிப் போட்ட மாதிரி இருக்குடா. இதை எப்படி இங்கிலீஷ்ல எழுத?" என்று காதில் கேட்டான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் மேட்டிமை இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

இந்த இடத்தில் அந்த பியரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அது தன்னளவிலேயே ஒரு வினோதமான பொருள்.

பியர் என்பது முளைகட்டிய பார்லியின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்குவது. ஈஸ்டால் எல்லாச் சர்க்கரையையும் தின்ன முடியாது. டெக்ஸ்ட்ரின் என்ற நீண்ட சங்கிலிகள் மிஞ்சும். பியருக்கு வாயில் ஒரு கனம், ஒரு சதைப்பற்று இருக்கிறதே, அதில் பெரும்பங்கு இந்த மிச்சத்தினுடையது. அமைலோகுளுக்கோசிடேஸ் என்று ஒரு நொதி உண்டு. அதைச் சேர்த்தால் அந்தச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் குளுக்கோஸ் ஆக்கிவிடும். ஈஸ்ட் அதையும் தின்றுவிடும். மிச்சமே இருக்காது. தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்தால் சாதாரண ஐபிஏ 1.010, 1.014 என்ற அளவில் வந்து நிற்கும். ப்ரூட் ஐபிஏ 1.000க்கு வரும், சில சமயம் அதற்கும் கீழே இறங்கும். சாராயம் தண்ணீரைவிட லேசு என்பதால் இது சாத்தியம். மூத்தவர் அடர்த்திமானியை ஒரு குழாயில் மிதக்கவிட்டுக் காட்டினார். தண்ணீரில் மூழ்குவதைவிட ஆழமாக மூழ்கியது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான பரவசம் நிஜமானது. அன்றைய சாயங்காலத்தில் முழுக்க என்னுடையது என்று சொல்லத்தக்க உணர்ச்சி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

'ப்ரூட்' என்பது ஷாம்பெய்ன்காரர்களின் சொல். பச்சையான, பக்குவப்படுத்தாத என்று பொருள். சர்க்கரை குறைந்த ஷாம்பெய்னுக்கு அந்தப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷாம்பெய்ன் என்றாலே தித்திப்பு. இங்கிலாந்துக்காரர்களின் நாக்கை முன்னிட்டு 1874இல் பொமரி நிறுவனம் சர்க்கரையை வெகுவாகக் குறைத்து உருவாக்கிய மது ஒரு திருப்புமுனை. அந்தத் தித்திப்பில்லாத தன்மையைத்தான் 'டிரை' என்கிறார்கள். திரவம் எப்படி வறண்டிருக்கும்? நம் அறுசுவையில் இதற்கு இடமில்லை. துவர்ப்பு நெருங்கி வரும், ஆனால் அது வேறு. வாழைப்பூவின் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும், இது எதையும் பிடிக்காது. சேனைக்கிழங்கு தொண்டையில் காட்டும் காரலுக்குக்கூட நம்மிடம் தனியாகச் சொல் உண்டு. இதற்கு இல்லை. விழுங்கிய மறுகணம் வாயைத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி, எதுவும் நடக்காத மாதிரி இருக்கும்.

தித்திப்பு போய்விட்டால் மற்றதெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் கசப்பையும் குறைக்க வேண்டியிருந்தது. வழக்கமான அமெரிக்க ஐபிஏவின் கசப்பு அளவெண் 40இலிருந்து 70 வரை போகும் என்றால், இதில் 20, 30. அரிசியோ சோளமோ சேர்த்து நிறத்தையும் வைக்கோல் மஞ்சளுக்குக் கொண்டுவந்தார்கள். ஹாப்ஸ் பூக்களைக் கொதிநிலைக்குப் பிறகு போட்டார்கள், கசப்பு இறங்காமல் வாசனை மட்டும் இறங்க. ஆக இனிப்பு இல்லை, கசப்பு அதிகம் இல்லை, நிறமில்லை, கனமில்லை. வாசனையும் நுரையும் மட்டும். அப்போது அமெரிக்கா முழுக்க வெர்மான்ட் பக்கத்திலிருந்து வந்த கலங்கலான, பழச்சாறு போன்ற தடித்த ஐபிஏக்கள் கொடிகட்டிப் பறந்தன. அதற்கு எதிர்த்திசையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது பதில்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. அதே நொதியைத்தான் 1960களில் ஜோசப் ஓவேட்ஸ் என்ற வேதியியலாளர் பயன்படுத்தி, 1967இல் நியூயார்க்கின் ரைன்கோல்ட் நிறுவனத்துக்காகக் கலோரி குறைந்த பியர் ஒன்றைச் செய்தார். அது விலைபோகவில்லை. ஆனால் அந்தச் செய்முறை கைமாறிக் கைமாறி, 1970களில் மில்லர் லைட் ஆனது. கைவினை பியர்க்காரர்கள் எதைப் பார்த்தால் மூக்கைப் பொத்துவார்களோ அது. எங்கள் கொல்லைப்புறத்தில் அன்று யாராவது மில்லர் லைட் கேட்டிருந்தால் அவரைப் பற்றி வாரக்கணக்கில் பேசியிருப்போம். அதன் தம்பியைத்தான் கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தோம்.

டேவிட் ஹ்யூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'டான் குயிக்ஸாட்' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். சாங்கோவின் உறவினர்கள் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைப் பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள். ஒருவர், நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாடை என்கிறார். மற்றவர், நல்ல ஒயின்தான், லேசாக இரும்பு என்கிறார். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் கிடக்கிறது ஒரு பழைய சாவி, தோல் வார் கோத்தது. செர்வாண்டிஸின் மூலத்தில் இன்னொரு நுட்பம் உண்டு: ஒருவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார், மற்றவர் மூக்கருகே கொண்டுபோனதோடு சரி.

இந்தக் கதையை வழக்கமாக நுண்ணிய நாக்குக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. முதலாமவர் "தோல்" என்று சொன்ன பிறகு இரண்டாமவர் மரியாதைக்காக, "ஆமாண்ணே, தோல்தான்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரும்பு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ரசனை என்பது என் சொந்த விஷயம், அதில் நான் பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் பீப்பாயில் என்ன இருக்கிறது என்பது ஒரு நாக்கால் முழுக்க அறியக்கூடியதாக இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக, சிரிப்புக்கு அஞ்சாமல் சொல்ல வேண்டியிருந்தது. நான் 'கூஸ்பெரி' எழுதியது என் நாக்குக்குச் செய்த துரோகம் மட்டும் இல்லை. அந்த மேஜையில் இருந்த மற்ற ஆறு பேருக்கும் தெரிய வேண்டிய ஒன்றை ஒளித்தேன்.

என் தொழிலில் இதற்குப் பேர் உண்டு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மூத்தவர் ஒருவர் முதலில் 'எல்ஜிடிஎம்', அதாவது 'பார்த்தவரை நல்லா இருக்கு' என்று போட்டுவிட்டால், அடுத்தடுத்து வரிசையாக அதையே போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன், வாசிக்காமலே. வேலைக்கு எவ்வளவு நாளாகும் என்று மதிப்பிடும் கூட்டங்களில் இதற்கு மாற்று கண்டுபிடித்திருக்கிறார்கள்: எல்லோரும் எண்ணை அட்டையில் எழுதிக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். முறையாகச் சுவைபார்க்கும் குழுக்களிலும் அப்படித்தான், முதலில் மௌனம், எழுத்து, பிறகே பேச்சு. சும்மா இருக்கும்போது மனிதர்கள் உண்மை பேசமாட்டார்கள் என்பதால் இல்லை. ஒரு சொல் காதில் விழுந்த பிறகு மூக்கு பழைய மூக்காக இருப்பதில்லை.

போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படிக்கும் 54 மாணவர்களை வைத்து மொரோ, ப்ரோஷே, டியுபூர்டியூ மூவரும் செய்த ஆய்வு 2001இல் வந்தது. வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். இதைச் சொல்லி ஒயின் ரசிகர்களைக் கேலி செய்வது இணையத்தில் ஒரு பொழுதுபோக்கு. எனக்குக் கேலி வரவில்லை. அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. கண் சொன்னதை மூக்கு நம்பியது, அவ்வளவுதான். நான் செய்தது அதைவிட மோசம். எனக்குக் கொய்யா தெரிந்தது, தெளிவாக.

அந்த சாயங்காலம் நடந்து சில வாரம் கழித்து வீட்டில் ஒரு சோதனை செய்தேன். அட்டையில் ஒன்றுக்குக் கூஸ்பெரி என்றும் இன்னொன்றுக்கு லிச்சி என்றும் எழுதியிருந்த இரண்டு ப்ரூட் ஐபிஏக்களை வாங்கினேன். மூன்று டம்ளர், இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடி ஊகித்தாலே மூன்றில் ஒரு தடவை சரியாகும். மனைவி ஊற்றினாள், நான் சுவற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சனி ஐந்து, ஞாயிறு ஐந்து என்று பத்துச் சுற்றில் நான்கு சரி. "இதுக்கா இவ்ளோ பேச்சு?" என்றாள். நான்கு என்பது மூன்றைவிட அதிகம் என்று வாதாடிப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் ஹாப்ஸ் வேதியியலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நியூசிலாந்தின் நெல்சன் சோவின் போன்ற ஹாப்ஸ் வகைகளில் தையால் என்ற கந்தகச் சேர்மங்கள் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. சோவின்யோன் ப்ளாங்க் ஒயினின் பேர்போன வாசனையும் இதே குடும்பம். அந்த ஒயினுக்கு ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்லும் ஒப்புமைதான் கூஸ்பெரி. இதே குடும்பத்துச் சேர்மங்கள் கொய்யாப்பழத்திலும் உண்டு. ஆக மூத்தவரும் சரி, ஆயக்குடி பஸ்ஸும் சரி. ஒரு சாவி, ஒரு தோல் வார். இதைப் படித்ததும் ஒரு துள்ளல் வந்தது, பிறகு அது வடிந்துவிட்டது. வேதியியல் சான்று கொடுத்த பிறகு என் மூக்கை நம்புவதில் என்ன இருக்கிறது? ஹ்யூமே சொல்வது, சாவி கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த இருவரும் சொன்னது சரிதான் என்று.

2019 வாக்கில் சியரா நெவாடா, நியூ பெல்ஜியம் போன்ற பெரிய கம்பெனிகளே ப்ரூட் ஐபிஏ இறக்கின. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் அலமாரிகளில் அது தேடிப் பிடிக்க வேண்டிய சரக்காகிவிட்டது. மக்களுக்குத் தித்திப்பும் கனமும்தான் வேண்டும் என்பது ஒரு விளக்கம். எனக்கு ஒரு சந்தேகம் கூடவே உண்டு, நிரூபிக்க வழியில்லை. அந்த மேஜையில் ஏழு பேரில் எத்தனை பேருக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது? மொத்தத்தில் எப்படி என்ற கோட்டில் எல்லோரும் ஏழு, எட்டு போட்டிருந்தோம். இரண்டாவது டம்ளர் கேட்டவர் மூத்தவர் ஒருவர்தான். எனக்கு அது மூக்குக்குப் பிடித்தது, வாய்க்குப் பிடிக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆனது.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று கேட்கலாம். கான்ட் 1790இல் எழுதியதில் கேனரித் தீவு ஒயினை உதாரணம் காட்டுகிறார். அது இனிமையானது என்று ஒருவர் சொன்னால், 'எனக்கு இனிமையானது' என்று திருத்தச் சொல்லலாம், அவரும் வருத்தப்படாமல் திருத்திக்கொள்வார். அழகைப் பற்றிய தீர்ப்பில்தான் எல்லோரும் உடன்பட வேண்டும் என்று கோருகிறோம். நாக்கின் இன்பத்தில் அவரவர் வழி. அப்படியானால் 'எப்படி இருக்கு?' என்று யாராவது கேட்டால் 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போகலாமே. விருந்துக்குக் கூப்பிட்டவர் தகவலா கேட்கிறார்? சாப்பாட்டு மேஜை ஆய்வுக்கூடம் இல்லை. பல வருஷம் நானும் அப்படித்தான் நம்பினேன். கேள்விகளில் இரண்டு சாதி உண்டு, ஒன்று தெரிந்துகொள்ளக் கேட்பது, இன்னொன்று அன்புக்குக் கேட்பது, இரண்டாவதற்கு உண்மை தேவையில்லை என்று.

அம்மாவுக்கு நான் குடிப்பது தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். இதுவரை கேட்டதில்லை. அதுவும் ஒரு ஏற்பாடு.

இரண்டு வருஷம் முன்பு ஊருக்குப் போயிருந்தபோது ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது. மறுநாள் சாம்பாரிலும். வாயில் வைக்கும் முன்பே முகத்தில் அடித்தது. அம்மா வழக்கம்போல் கரண்டியோடு நின்று, "எப்படி கண்ணு இருக்கு?" என்றார். நான் வழக்கம்போல், "நல்லா இருக்கும்மா" என்றேன். அப்பாவும் அதேதான். அப்பா எப்போதுமே அதேதான். தங்கையிடம் ஃபோனில் சொன்னபோது, "ஆறேழு மாசமாவே அப்படித்தான்ணா. வயசாச்சு, கை தவறுது. சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க" என்றாள்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு அத்தை ஒரு கிண்ணம் ரசம் வாங்கிப்போனவர் திரும்பி வந்தார். "என்னக்கா, பெருங்காய டப்பாவையே கவுத்துட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார். "எனக்கு மணமே தெரியல. போன வருஷத்துல இருந்தே. தெரியலைன்னுதானே தினமும் கேக்கறேன். நீங்க யாரும் சொல்லவே இல்லையே" என்றார்.

அவர் அன்புக்குக் கேட்கவில்லை. எங்கள் மூக்கைக் கடன் கேட்டிருக்கிறார். பருப்பு பிடித்தது தெரியாமல், பால் திரிந்த வாடை தெரியாமல், அளவை மட்டும் நம்பி, அளவும் சந்தேகமாகி, ஒவ்வொரு சாயங்காலமும் கரண்டியோடு எங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் எல்ஜிடிஎம் போட்டுக்கொண்டிருந்தோம்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். மூக்குக்குள் பார்த்தார், மருந்து கொடுத்தார், பெரிதாக மாற்றமில்லை.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தேன். ரசம் வந்தது. அம்மா கேட்டார். "பெருங்காயம் இன்னும் கொஞ்சம் குறைக்கணும்மா. புளியும் தூக்கலா இருக்கு" என்றேன். "சரி" என்று கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தபடியே நின்றிருந்தார். அன்று ராத்திரி எங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தனக்கு மோர்ச்சோறு மட்டும் போட்டுக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.